கத்திரியில் குளிர்ந்த சென்னை: அடுத்த வாரம் எப்படி இருக்கும்?

பஞ்சாங்கப்படி அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்ட நாட்களில், சென்னையின் வானம் விடிந்ததிலிருந்தே மூடிக்கிடந்து, பகல் வெப்பநிலை 30 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுவது சில ஆண்டுகளில் நடக்கிறது. அப்படி ஒரு நாள் வாய்த்துவிட்டால், 'இது சென்னையா, ஊட்டியா' என்ற தலைப்பு எங்கேனும் வந்துவிடும்; மொட்டை மாடியில் கூழ் வற்றல் பிழிந்து வைத்தவர்கள் மட்டும் அலுத்துக்கொண்டே வேட்டியைச் சுருட்டுவார்கள். அடுத்து எழும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: வெயில் இத்தோடு தணிந்துவிட்டதா, அல்லது மிச்சத்தையும் சேர்த்துவைத்துக் கொளுத்தப் போகிறதா? வெப்பமானியைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. கோடையின் நடுவே இந்த நகரத்துக்குக் கிடைக்கும் குளிர்ச்சி, பெரும்பாலும் வங்கக்கடலில் உருவான ஒரு காற்றுச் சுழற்சியின் உபயம். அந்தச் சுழற்சி எந்தப் பக்கமாக விலகுகிறது என்பதே அடுத்த பத்து நாட்களைத் தீர்மானிக்கிறது; கரையோரம் நின்று நகரைக் குளிர்வித்த அதே சுழற்சி, வடக்கே போனபின் அதே நகரை வாட்டவும் கூடும்.

முதலில் இயல்பு எது என்று பார்ப்போம். நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் மே மாதச் சராசரி அதிகபட்ச வெப்பநிலை 37 டிகிரியைச் சற்றுத் தாண்டும். இரவிலும் சராசரியாக 27, 28 டிகிரியை ஒட்டியே நிற்கும். சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 24, 25 தேதிகளை ஒட்டித்தான். அதன்பின் அது வடக்கே நகர்ந்துவிடுகிறது. அப்படியானால் ஏப்ரல் கடைசியில்தானே வெயில் உச்சத்தில் இருக்க வேண்டும்? இல்லை. நகரத்தின் மிகக் கடுமையான நாட்கள் மே பிற்பாதியிலும் ஜூன் தொடக்கத்திலும்தான் வருகின்றன. கத்திரி வெயில் என்று நாம் சொல்லும் மே 4 முதல் 28 வரையிலான நாட்களும் சூரியன் உச்சி கடந்த பிறகே வருபவை. நிலம் சூடேற எடுத்துக்கொள்ளும் கால அவகாசம் இதற்கு ஒரு காரணம். ஆனால் சென்னையைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய காரணம் கடல் காற்று.

முற்பகலில் நிலம் சூடாகி அதன் மேலுள்ள காற்று எழும்பும்போது, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து ஈரமான, ஒப்பீட்டளவில் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இதற்குத் தடை அதிகம் இல்லை; நண்பகலுக்கு முன்பே மெரினாவைத் தாண்டி உள்ளே நுழைந்துவிடும். மே மாதம் வளர வளர, தரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை மேற்குக் காற்று வலுப்பெறுகிறது. ராயலசீமா, வேலூர் பக்கமிருந்து தகித்துக்கொண்டு வரும் இந்தத் தரைக்காற்று, கடல் காற்றைக் கரையிலேயே நிறுத்தி வைக்கிறது. ஒரு மணி நேரத் தாமதமே ஓரிரு டிகிரியைக் கூட்டிவிடும். பிற்பகல் இரண்டு, மூன்று மணி வரை கடல் காற்று வராத நாளில் 40 டிகிரியைத் தாண்டுவது ஏறத்தாழ உறுதி. கடலுக்கு நெருக்கமான நுங்கம்பாக்கத்துக்கும் சற்று உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையே மாலைச் செய்தியில் தெரியும் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி வேறுபாடு பெரும்பாலும் இந்த வருகை நேரத்தின் வேறுபாடுதான். ஆவடி, பூந்தமல்லி, தாம்பரம் வாசிகள் நுங்கம்பாக்கத்து எண்ணைக் கேட்டுச் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆக, சென்னையின் கோடையைக் காற்றின் திசையை வைத்துத்தான் அளக்க வேண்டும். இதே திசைதான் குளிர்ந்த நாளையும் உண்டாக்குகிறது. காலையிலிருந்தே காற்று வடகிழக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ, அதாவது கடலிலிருந்து, வீச வேண்டும். அதோடு தடித்த மேகம் பகல் முழுவதும் வெயிலை மறைக்க வேண்டும். கூடவே மழையும் பெய்தால் மழைத்துளிகள் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், மேகத்தின் உயரத்திலிருந்து குளிர்ந்த காற்றும் இறங்கும். இந்த மூன்றும் ஒன்றுசேரும் நாளில்தான் மே மாதத்தில் வெப்பநிலை இயல்பைவிட ஐந்து, ஏழு டிகிரி குறைகிறது. மாலையில் ஒரு மணி நேரம் பெய்துவிட்டுப் போகும் இடிமழை இதைச் செய்யாது. அதற்குள் அன்றைய உச்சம் பதிவாகி முடிந்திருக்கும்.

இப்படிப்பட்ட நாளுக்கு வானிலைத் துறையில் தனிப்பெயர் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. கடலோரப் பகுதிகளுக்கு வெப்ப அலை என்றால் 37 டிகிரிக்குக் குறையாமல், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும் என்று வரையறை உண்டு. குளிர் அலைக்கும் வரையறை உண்டு. ஆனால் கடலோரத்தில் அதற்குக் குறைந்தபட்ச வெப்பநிலை 15 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். சென்னையின் நீண்ட பதிவேட்டிலேயே மிகக் குறைந்தது 13.9 டிகிரிதான்; அதுவும் 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும். கோடைக் குளிர்ச்சியை இந்தக் கணக்கில் சேர்க்க இயலாது. ஆகவே மூன்று டிகிரிக்கு மேல் குறைந்தால் ஒரு தரம், ஐந்துக்கு மேல் குறைந்தால் அதைவிடக் கடுமையான இன்னொரு தரம் என்று, இயல்பிலிருந்து விலகிய அளவை மட்டும் அறிக்கை குறிக்கிறது. இயல்பு என்ற சொல்லுக்கு இங்கே கனம் அதிகம். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் எழுந்த நகரம் இது. ஒரு நாள் விசித்திரமானதா இல்லையா என்று சொல்ல இவ்வளவு நீண்ட பின்னணி இந்தியாவில் வேறு நகரங்களுக்கு எளிதில் வாய்க்காது.

இனி வங்கக்கடலுக்கு வருவோம். ஏப்ரல், மே மாதங்களில் அதன் மேற்பரப்பு நீர் 29, 30 டிகிரி வரை சூடாக இருக்கும். புயல் உருவாக அது தாராளமாகப் போதும். நம் அரைக்கோளத்தில் தாழ்வழுத்தச் சுழற்சியைச் சுற்றிக் காற்று கடிகாரத்தின் எதிர்த்திசையில் சுழல்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு வரைபடத்தில் சென்னையின் மேல் விரலை வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். சுழற்சியின் மையம் நமக்குத் தென்கிழக்கே, கரைக்கு அருகே இருந்தால், சென்னையில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். அது கடல் கடந்து வருகிற ஈரக்காற்று. மையம் வடக்கே நகர்ந்து வட ஆந்திரா, ஒடிசா கரைக்கு அப்பால் போய்விட்டால், சென்னை அதன் தென்மேற்கு ஓரத்தில் அகப்படும். அப்போது காற்று வடமேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும், அதாவது கொதிக்கும் தக்காண நிலத்தின் மேலிருந்து, இழுத்துவரப்படும். கடல் காற்று கரையேற வழியிருக்காது. ஒரே சுழற்சி, இரண்டே நாள் இடைவெளியில், இரண்டு வேறு கோடைகள்.

கடந்த ஆண்டுகளின் பதிவு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2010 மே மாதத்தில் லைலா புயல் தமிழகக் கரையை ஒட்டியே மேலேறி, 20-ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரை கடந்தது. அதற்கு முந்தைய நாட்களில் சென்னை நனைந்து குளிர்ந்தது. 2016-இல் பின்னர் ரோவானு என்று பெயர் பெற்ற புயல், தாழ்வு மண்டலமாக இருந்தபோதே நம் கரையை உரசிக்கொண்டு சென்றது. மே 17, 18 தேதிகளில் நகரில் கனமழை. அதே வாரத்தில், மே 19 அன்று, ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி பதிவாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; சென்னை போர்வை தேடியதால் நாடு குளிர்ந்துவிடவில்லை. 2022 மே மாதத்தில் அசானி, மசூலிப்பட்டினம் பக்கம் வலுவிழந்து கரையைத் தொட்டபோது, அதன் மேகப் பட்டைகள் சென்னையையும் மூடி, கத்திரியின் முதல் வாரத்திலேயே பகல் வெப்பநிலையை இயல்பைவிட நன்றாக இறக்கின.

மறுபக்கமும் உண்டு. 2019 ஏப்ரல் இறுதியில் ஃபானி புயல் வட தமிழகக் கரையை நோக்கி வரும் என்றுதான் முதலில் கணிக்கப்பட்டது. வறண்ட ஏரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த சென்னை அதைப் புயலாக எண்ணாமல் தண்ணீராகவே எண்ணிக் காத்திருந்தது. ஃபானி கடலிலேயே வளைந்து வடக்கே திரும்பி, மே 3 அன்று ஒடிசாவின் பூரி அருகே கரை கடந்தது. நகருக்கு மழையும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2020-இல் அம்பன் பெரும்புயலும் அப்படித்தான்: நடுக்கடலில் வடக்கே ஏறி, மே 20 அன்று மேற்கு வங்கத்தைத் தாக்கியது, போகிற போக்கில் நம் பக்கத்து ஈரப்பதத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டது.

எல்லாவற்றிலும் கொடியது 2003. அந்த ஆண்டு மே 10 வாக்கில் தெற்கு வங்கக்கடலில் உருவான புயல் நாட்கணக்கில் மெதுவாக ஊர்ந்து, இலங்கையில் பெருவெள்ளத்துக்கு வழிவகுத்து, இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கி, கடைசியில் 19-ஆம் தேதி மியான்மரில் கரை கடந்தது. அது போன பிறகு ஈரம் விலகிய வானில் மேற்குக் காற்று தடையின்றி வீசியது. தென்மேற்குப் பருவமழையும் ஒரு வாரம் தள்ளி ஜூன் 8-இல்தான் கேரளத்தைத் தொட்டது. இடைப்பட்ட நாட்களில் ஆந்திரத்தில் வெப்ப அலைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியாயினர். மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. சென்னையின் உச்ச அளவாக இன்றுவரை நிற்பது அதுதான். மே நடுவில் ஒரு புயல் இருந்தது என்பதை மட்டும் வைத்து அந்த மே இறுதியை யாரும் ஊகித்திருக்க முடியாது. அது எங்கே போனது என்பதுதான் முக்கியம்.

இந்தப் பின்னணியோடு வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் படித்தால், வெறும் சம்பிரதாயமாகத் தோன்றும் வாக்கியங்களும் பேசத் தொடங்கும். குளிர்ந்த நாட்களில் அறிக்கை ஏறத்தாழ இப்படி இருக்கும்: தென்மேற்கு வங்கக்கடல் பகுதிகளின் மேல் ஒரு வளிமண்டல கீழடுக்கு சுழற்சி நிலவுகிறது, வட தமிழகத்தில் ஒருசில இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும், அதிகபட்ச வெப்பநிலை இயல்பை ஒட்டியோ சற்றுக் குறைவாகவோ இருக்கக்கூடும். இத்தகைய அறிக்கைகளில் 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்வாசிக்கு மேல் மழை எதிர்பார்க்கப்படவில்லை என்று பொருள். 'ஒருசில இடங்களில்' என்பது பாதி வரை. 'அநேக இடங்களில்' என்பது முக்கால்வாசி வரை. 'பெரும்பாலான இடங்களில்' என்றால் அதற்கும் மேல். கனமழை என்ற சொல்லும் மனம்போன போக்கில் வருவதில்லை: 24 மணி நேரத்தில் ஆறரை சென்டிமீட்டரை ஒட்டித் தொடங்கி, பதினொன்றரையைத் தாண்டினால் மிகக் கனமழை, இருபதரையை எட்டினால் அதி கனமழை. தொலைக்காட்சியின் கீழ்வரியில் இந்த அளவுச் சொற்கள் உதிர்ந்துபோய் 'சென்னையில் மழை' மட்டும் மிஞ்சுவது வருத்தத்துக்குரியது. ரமணன் அறிக்கை வாசித்த நாட்களிலிருந்தே நாம் காது கொடுத்துக் கேட்டது விடுமுறைக்குத்தானே தவிர, சொல்லுக்கல்ல.

குளிர்ச்சி முடியப்போகிறது என்பதை அறிவிக்கும் வரியும் வழக்கமானதே: 'அடுத்த மூன்று தினங்களுக்கு அதிகபட்ச வெப்பநிலை படிப்படியாக 2 முதல் 3 டிகிரி உயரக்கூடும்.' அதற்கு மேலே, சுழற்சி இருக்கும் இடத்தைச் சொல்லும் முதல் பத்தியைப் பார்க்க வேண்டும். 'தென்மேற்கு வங்கக்கடல்' என்றிருந்தது 'மத்திய மேற்கு' என்று மாறி, பிறகு 'வடமேற்கு வங்கக்கடல்' என்று ஆகிவிட்டால், வற்றலை மறுபடியும் மாடிக்குக் கொண்டுபோகலாம். அந்த நாட்களில் 'தரைக்காற்று மேற்கு, வடமேற்குத் திசையிலிருந்து' என்ற சொற்களும் சேர்ந்து வந்தால், இயல்புக்குத் திரும்புவதோடு நில்லாமல் 40-ஐ எட்டும் என்று எடுத்துக்கொள்வது தவறாகாது.

எவ்வளவு முன்கூட்டி இதைச் சொல்ல முடியும் என்பது வேறு விஷயம். மூன்று மணி நேரத்துக்குள் மழை வருமா என்பதைச் சென்னைத் துறைமுகத்திலும் பள்ளிக்கரணையிலும் உள்ள டாப்ளர் ரேடார்கள் நன்றாகவே காட்டுகின்றன. ஐந்து நாள் கணிப்பில் சுழற்சி இருக்குமா என்பதைப் பெரும்பாலும் நம்பலாம். ஆனால் அதன் மையம் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் விலகினாலே சென்னையின் வானிலை தலைகீழாகிவிடும் என்பதால், நகரத்துக்கான கணிப்பு மாநிலத்துக்கான கணிப்பைவிட எளிதில் பிசகும். அமெரிக்காவின் கணினிக் கணிப்பு மாதிரி ஒரு பாதையையும் ஐரோப்பாவின் மாதிரி இன்னொரு பாதையையும் காட்டும் நாட்களில், இரண்டில் நமக்குப் பிடித்ததைப் பகிர்ந்துகொள்வது கணிப்பாகாது. கைப்பேசிச் செயலியில் பத்தாவது நாளுக்கு நேரே தெரியும் மழைமேகப் படத்தை நான் ஒருபோதும் பொருட்படுத்துவதில்லை.

இரண்டு வாரத்துக்கு அப்பால் ஓரளவு கைகொடுப்பது, 1971-இல் மேடன், ஜூலியன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டறிந்த அலைவு. நிலநடுக்கோட்டை ஒட்டி மேகக்கூட்டங்களும் மழையும் ஒரு பெரிய தொகுதியாக மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்து, முப்பது முதல் அறுபது நாட்களில் உலகைச் சுற்றி வருகின்றன. அந்தத் தொகுதி இந்தியப் பெருங்கடலின் மேல் இருக்கும் வாரங்களில் வங்கக்கடலில் சுழற்சிகள் உருவாக வாய்ப்புக் கூடும். அது இந்தோனேசியாவைத் தாண்டிப் பசிபிக் பக்கம் போய்விட்டால் நம் வானில் காற்று கீழிறங்கி, மேகம் கலைந்து, வறட்சி கூடும். மே முதல் வாரக் குளிர்ச்சிக்குப் பிறகு மே கடைசியில் வெயில் ஆவேசமாகத் திரும்பி வருவதற்கு இந்தச் சுற்றும் ஒரு காரணம்.

திரும்பி வரும் வெயிலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மழையில் நனைந்த மண்ணிலிருந்து ஈரம் ஆவியாகும் வரை வெப்பமானி மெதுவாகத்தான் ஏறும்; ஆனால் காற்றில் ஈரப்பதம் மிகுந்து வியர்வை உலராது. 36 டிகிரிதான் என்று அறிக்கை சொல்லும். உடம்பு அதை ஒப்புக்கொள்ளாது. அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் சேர்ந்து அசௌகரியம் ஏற்படலாம் என்று வானிலை ஆய்வு மையம் சேர்க்கும் வரி இந்தப் புழுக்கத்தைப் பற்றியதுதான். மேகம் சூழ்ந்த இரவு, நிலம் விடும் வெப்பத்தை மேலே போகவிடாமல் திருப்பி அனுப்புவதால், மழை நின்றுபோன இரவுகளில் மின்விசிறிக்கு ஓய்வு கிடைப்பதில்லை. வெட்டவெளியில் வேலை செய்பவர்களுக்கு 40 டிகிரி வறண்ட நாளைவிட இது ஆபத்தானதாகவும் இருக்கலாம் என்பதால், எண் குறைவாக இருக்கிறது என்று எச்சரிக்கையைத் தளர்த்துவது சரியல்ல.

பிழைப்போடு தொடர்புள்ள விளைவுகள் ஒரே மாதிரியானவை அல்ல. மின்வாரியத்துக்கு இது மூச்சு விடும் நேரம்; 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது என்பதை நினைத்தால், குளிரூட்டிகள் அணைந்திருக்கும் இரண்டு நாளின் அருமை புரியும். மரக்காணத்து உப்பளங்களில் நிலைமை நேர்மாறானது: பாத்தியில் உப்புப் பூக்கும் பருவத்தில் ஒரு மழை பெய்தால், பல நாள் உழைப்பு கரைந்துபோய், உவர்நீரை முதலிலிருந்து பாய்ச்ச வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் காசிமேட்டு விசைப்படகுகள் ஏற்கெனவே கரையில் கட்டிக்கிடக்கும். எச்சரிக்கை உண்மையில் தேவைப்படுவது ஃபைபர் படகுகளில் போகிறவர்களுக்கு. ஏரிகளைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பு வேண்டாம். 3,645 மில்லியன் கனஅடி கொள்ளும் செம்பரம்பாக்கம் நிரம்புவது ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். கோடை மழையைக் காய்ந்த நிலமே குடித்துவிடும்.

மாநிலத்தின் பிற பகுதிகளை இந்தக் கணக்கில் அப்படியே சேர்க்கக் கூடாது. மார்ச் முதல் மே வரை தமிழகத்துக்குச் சராசரியாக 12 சென்டிமீட்டரை ஒட்டிக் கோடை மழை கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு மேற்கு மாவட்டங்களிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற உள்மாவட்டங்களிலும் மாலை நேர இடிமழையாகப் பெய்வது. மகாராஷ்டிரத்திலிருந்து கர்நாடக உட்பகுதி வழியாகத் தெற்கே நீளும், காற்றின் திசை மாறும் கோடு ஒன்றே அதற்கு ஆதாரம். வங்கக்கடலில் எதுவும் இல்லாதபோதும் அது இயங்கும். ஆகவே ஓசூரில் ஆலங்கட்டி மழை என்ற செய்தியைப் பார்த்துச் சென்னைக்காரர் குடையைத் தேட வேண்டியதில்லை.

ஜூன் பிறந்ததும் விதிகள் மாறுகின்றன. பருவக்காற்று கேரளத்தில் நுழைந்தபின் மேற்குக் காற்று இன்னும் வலுக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் இருப்பதால் நமக்குப் பகலில் வெயிலும் மாலையில் இடிமழையுமாகக் கழிகிறது. அப்போதும் அசாதாரணக் குளிர்ச்சி வருவதுண்டு. 1996 ஜூன் 14 அன்று நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. 2023 ஜூன் 18 இரவு தொடங்கிய மழையில், வங்கக்கடலில் புயல் எதுவும் இல்லாமலே மீனம்பாக்கத்தில் 10 சென்டிமீட்டரைத் தாண்டி, மறுநாள் பள்ளிகளுக்கு விடுமுறை விட நேர்ந்தது. அந்தப் பருவத்தில் கவனிக்க வேண்டிய திசை மேற்கு. ராணிப்பேட்டை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் மேல் பிற்பகல் நான்கு மணி வாக்கில் திரளும் இடிமேகங்களை மேலடுக்கு மேற்குக் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். அவை நகரை எட்ட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்பதால், ரேடார் படத்தை ஐந்து மணிக்கு ஒருமுறை பார்த்துவிட்டு அலுவலகத்திலிருந்து கிளம்பலாமா, சற்றுப் பொறுக்கலாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.